அவள் துணி மட்டும்

அந்த ஓட்டலில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பளிச்சக்கா என்றால்தான் தெரியும். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் மேற்பார்வை. விருந்தாளி காலி செய்துவிட்டுப் போன அறைக்குள் நுழைந்தால் அவள் கண் முதலில் போவது குளியல் தொட்டியில் தண்ணீர் வடியும் சல்லடைக்கு. அங்கே ஒரு தலைமுடி கிடந்தால் போதும், அறையைத் துடைத்தவளுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். "காசு குடுத்து வர்றவனுக்கு, தனக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒருத்தரும் படுத்ததே இல்லைன்னு தோணணும்டி. ஊரே படுத்து எந்திரிச்சிருக்கட்டும், அது அவனுக்குத் தெரியக்கூடாது" என்பாள். மனிதர்கள் இருந்த தடயத்தை அழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வீட்டுக்குள் வந்து வினையாக முடிந்தது.

வீட்டில் மூன்று பேர். புருஷன் செத்த பிறகு பளிச்சக்கா தன் தம்பியை ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வரவழைத்து, அவன் படித்து லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் சேரும்வரை சோறு போட்டவள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இவளும் படைக்கெல்லாம் அஞ்சியதில்லை. தம்பி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோதுதான் கொஞ்சம் அஞ்சினாள்.

வந்தவள் நல்ல பெண். தொல்லையே அதுதான். எதிர்த்துப் பேசமாட்டாள், சம்பளத்தில் வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிடுவாள், விடியுமுன் எழுந்து ரொட்டி ஆலைக்குப் பொட்டலம் கட்டப் போய்விடுவாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் பளிச்சக்கா கடைசியில் சுத்தத்தில் வந்து நின்றாள். சீப்பில் முடி. கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்த பொட்டுகள். ஜன்னல் திரையில் குத்திய ஊக்குகள். டீ டம்ளர் வைத்த இடமெல்லாம் வட்டம். நாற்காலி என்று ஒன்று இருப்பதே அவள் துப்பட்டாவைப் போடத்தான். "இவ உள்ள வந்தா ரூமே ஈர நாய் உதறின மாதிரி ஆயிடுது" என்று பளிச்சக்கா ஓட்டலில் சொல்லிச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். சிரிப்பவர்களுக்கு என்ன, அவர்களா கூட இருக்கிறார்கள்?

அந்த வருஷம்தான் சட்டம் மாறியது. முன்பெல்லாம் இங்கே இருப்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தால், கல்யாணச் சான்றிதழும் சேர்ந்து எடுத்த நாலு போட்டோவும் கொடுத்தால் போதும், தங்கும் அனுமதி தானாக நீளும். பொய்க் கல்யாணம் செய்துகொண்டு கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைகிறார்கள் என்று மேடைக்கு மேடை முழங்கியவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். முழங்கியதற்கு ஏதாவது செய்து காட்ட வேண்டுமே. காகிதத்தை நம்பாதே, வீட்டுக்குப் போய்ப் பார் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டு பேரும் உண்மையிலேயே புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறார்களா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லையென்றால் வெளியிலிருந்து வந்தவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். திரும்பி வர மனுப் போடவே பல வருஷம் காத்திருக்க வேண்டும். யாரோ ரெண்டு பேர் செய்த திருட்டுத்தனத்துக்கு ஊரில் உள்ள படுக்கையறையெல்லாம் சோதனைச் சாவடி ஆனது.

தம்பி பெண்டாட்டியின் அனுமதி முடிய இருந்தது. வருகிற வாரத்தில் ஏதாவது ஒரு நாள் வருவோம் என்று தகவல் வந்தது.

அதற்கு முந்தின நாள்தான் சமையலறைத் தொட்டியில் முடி அடைத்துக்கொண்டதற்காகப் பளிச்சக்கா ஒரு பாட்டம் கத்தியிருந்தாள். வழக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறவள் அன்றைக்கு மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"வீடுன்னா மனுஷங்க இருக்கற மாதிரிதானே அண்ணி இருக்கும். ஓட்டல் இல்லையே இது."

எதிர்ப்பேச்சு என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் தம்பி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். பெண்டாட்டி சொன்னதற்குச் சிரித்தான், அக்காவைப் பார்த்துச் சிரித்தான். வார்த்தை அக்காவைச் சுடவில்லை. அந்தச் சிரிப்புத்தான் சுட்டது.

செவ்வாய்க்கிழமை பளிச்சக்காவுக்கு வார விடுமுறை. மற்ற இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அரசாங்கத்து ஆள் வீட்டுக்கு வருகிறான் என்றால் வீட்டைக் கூட்டாமல் இருக்க முடியுமா? நல்ல எண்ணத்தோடுதான் விளக்குமாற்றை எடுத்தாள். இதை அவளுக்காக நானும் சொல்கிறேன். ஆரம்பித்தது நல்ல எண்ணத்தோடுதான்.

கூடத்தை முடித்துவிட்டு அவர்கள் அறைக்குள் போனாள். கட்டிலில் வெள்ளை விரிப்பை இழுத்து, முனைகளை மெத்தைக்கு அடியில் கத்தி வைத்தாற்போல் மடித்துச் செருகினாள். இரண்டு தலையணையில் ஒன்றில் எண்ணெய்ச் சிக்கு ஏறியிருந்தது. உறையை ஊறப் போட்டு, தலையணையை மாடி முகப்பில் வெயிலில் வைத்தாள். மிச்சம் ஒன்றை நடுவில் நிமிர்த்தி வைத்துத் தட்டினாள். பல் தேய்க்கும் பிரஷ்கள் இரண்டும் பரட்டைத் தலையாக நின்றன. தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டலில் கொடுக்கும் உறை பிரிக்காத பிரஷ்கள் இரண்டை அங்கே வைத்தாள். சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்த போட்டோக்கள் கோணல்மாணலாக இருந்தன. உரித்து இழுப்பறைக்குள் போட்டு, டேப்பின் பிசுக்கைச் சுரண்டினாள். கண்ணாடியில் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக நகத்தால் பெயர்த்தாள். கடைசிப் பொட்டு வராமல் அடம்பிடித்தது. அதற்குப் பிளேடு எடுத்து வந்தாள்.

பிறகு அலமாரி. கதவைத் திறந்ததும் துணி மேலே வந்து விழுந்தது. பாதி தம்பியுடையது, பாதி அவளுடையது. இவ்வளவையும் வைத்தால் கதவு மூடாது. யாருடையதையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். பளிச்சக்காவின் கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து தம்பி பெண்டாட்டி ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை இழுத்து, அவள் துணிகளை எல்லாம் அழகாக மடித்து அடுக்கி, ஜிப்பைப் போட்டு, அறைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தம்பியின் சட்டைகள் மட்டும் ஒரே சீராகத் தொங்கின.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். தம்பி தனியாக இருந்த காலத்து அறை அது. வேலை முடிந்து வந்து "அக்கா, பசிக்குது" என்று நிற்பானே, அந்தக் காலத்து அறை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. உடம்பெல்லாம் லேசாகிப்போனது. அந்த நிம்மதியில் அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நின்றது அவளுக்குத் தெரியும். பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அழைப்பு மணி அடித்தது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போட்டோ எடுக்கும் கருவி. பளிச்சக்கா புன்னகையோடு உள்ளே கூட்டிப் போனாள். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டுப் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெண் அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றாள்.

"எல்லாம் நான்தான்" என்றாள் பளிச்சக்கா, முகம் பூரித்து. பாராட்டு என்று நினைத்துவிட்டாள், பாவி.

அலமாரியைத் திறந்து பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். குளியலறையைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். ஆண் அதிகாரி பெட்டியைக் காட்டி யாருடையது என்றான்.

"தம்பி பெண்டாட்டியோடது."

"எங்கேயாவது கிளம்புறாங்களா?"

"இல்லல்ல. எடத்தை அடைக்குதேன்னு நான்தான் எடுத்து வெச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் அறையைப் பார்த்த தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அண்ணி, எங்க ரூமா இது? உள்ள கால் வைக்கவே பயமா இருக்கு." பெட்டியைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் திணித்தாள். ராத்திரிக்குள் நாற்காலியில் துப்பட்டா வந்துவிட்டது.

சில வாரம் கழித்து முடிவு வந்தது. தம்பிதான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாசித்தான். தம்பதி சேர்ந்து வாழ்வதற்கான அறிகுறி அந்த வீட்டில் இல்லை. கட்டிலில் ஒரே ஒரு தலையணை. உபயோகிக்காத பிரஷ்கள், பார்வைக்காக வைக்கப்பட்டவை. அலமாரியில் ஆணின் துணிகள் மட்டும். பெண்ணின் உடைமைகள் கட்டிய பெட்டியில், கதவருகே. அனுமதி நீட்டிக்கப்படாது. நேரில் வந்து விளக்கம் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் வர வேண்டும்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அது இதுதான். பிடித்தது பிள்ளையாரைத்தானா என்பதில்தான் பளிச்சக்காவுக்குச் சந்தேகம்.

தம்பி நிமிர்ந்தான். "ஏன்க்கா, ஒத்தத் தலையணையா வெச்ச?"

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி பெண்டாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. அண்ணி நம்ம நல்லதுக்குத்தானே செஞ்சாங்க. எனக்காக லீவு நாளெல்லாம் குனிஞ்சு நிமிர்ந்து வேலை பார்த்திருக்காங்க." நாட்டைவிட்டுப் போகப் போகிறவள் இவளுக்கு ஆறுதல் சொல்கிறாள். அதற்குப் பதிலாகச் செருப்பால் அடித்திருந்தால் பளிச்சக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அதற்கப்புறம் அவளுக்கு ஓட்டலில் கை ஓடவில்லை. ஒரு அறையில் குளியல் தொட்டியில் நீளமாக ஒரு முடி கிடந்தது. பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு வெளியே வந்தாள். அறையைத் துடைத்த பெண் திட்டுக்குத் தயாராக நின்றவள், திட்டு வராமல் பயந்துபோய், "அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தால் பளிச்சக்கா சமைப்பதைத் தம்பி பெண்டாட்டி பரிமாறுவாள். பாதிச் சோற்றிலேயே இவள் எழுந்து கை கழுவிவிடுவாள். போட்டோக்களை மறுபடி சுவரில் ஒட்டும்போது டேப்பை வெட்டிக் கொடுத்தது பளிச்சக்காதான். நேராக ஒட்டு என்றுகூடச் சொல்லவில்லை.

இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீலம்மா ஒருத்தி கிடைத்தாள். கதையைக் கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. உங்க தொழிலே அதுதானே. பழக்கதோஷத்துல ஓட்டல் ரூம் மாதிரி பண்ணிட்டேன்னு சொல்லுங்க. ஓட்டல்ல ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. போதும்." பளிச்சக்கா தலையாட்டினாள். பழக்கதோஷம். எவ்வளவு நல்ல வார்த்தை! பூசி மெழுகுவதற்கு இதைவிட வாகான வார்த்தை கிடையாது.

விசாரணை அறை சின்னது. ஒரு மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி, பேசுவதைப் பதிவு செய்யும் கருவி. மேஜை விளிம்பில் தூசி இருந்தது. எதிரே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த வயதான அதிகாரி. ஓரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், தமிழர்தான். தம்பி பெண்டாட்டிக்கு இந்த நாட்டுப் பாஷை இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும். அவளைப் பற்றிய விசாரணையில் பேசப்படும் ஒவ்வொரு வார்த்தையும் அவள் பாஷையில் அவளுக்குச் சொல்லப்பட வேண்டும் என்று அதே புதுச் சட்டத்தில் இருந்ததாம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பளிச்சக்கா தன் வேலையைச் சொன்னாள், சான்றிதழைக் கொடுத்தாள். தலையணையை வெயிலில் காயவைத்ததைச் சொன்னாள். அதிகாரி பிரஷ் விஷயத்தில் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் தணிந்த குரலில், உப்புச் சப்பில்லாத புத்தகத் தமிழில் தம்பி பெண்டாட்டியின் காதருகே சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் வழக்கப்படி, சொன்னவர் பேசுவது போலவே, நான் என்றே சொன்னார்.

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு படங்களைப் புரட்டினார். ஒரு படத்தில் நிறுத்தினார்.

"சுத்தம் செஞ்சது புரியுது. இது புரியல. அலமாரியில இடம் இல்லைன்னா ரெண்டு பேர் துணியிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்திருக்கலாம். உங்க தம்பியோடது ஒண்ணுகூடப் பெட்டியில இல்லை. ஏன் அவங்க துணி மட்டும்?"

பளிச்சக்கா பழக்கதோஷம் என்று சொல்ல வாயெடுத்தாள். எந்த ஓட்டலில் பெண்களின் துணியை மட்டும் கட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது? அதிகாரி காத்திருந்தார். வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். இதற்குப் பதில் இல்லையென்றால் பெட்டி கட்டியது தம்பி பெண்டாட்டி ஊருக்குக் கிளம்பத்தான் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அவள் அந்தப் பெட்டியோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

பளிச்சக்கா இந்த நாட்டுப் பாஷையில், தலையை அதிகாரி பக்கம் சாய்த்து, மடமடவென்று சொன்னாள். பக்கத்தில் இருப்பவளுக்கு எட்டாத வேகத்தில் சொல்லிவிட்டால் இந்த அறையோடு போய்விடும் என்று ஒரு நப்பாசை. தம்பி காதில் விழும். அவன் பொறுத்துக்கொள்வான், கூடப் பிறந்தவன். அவள் சொல்லி முடித்தபோது தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மொழிபெயர்ப்பாளரை அவள் மறந்தே போயிருந்தாள். அவர் ஆரம்பித்தார்.

"நான் அவளை வெறுக்கவில்லை. ஆனால் அவள் இல்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவள் துணிகளை எடுத்தபோது என் கை தயங்கவில்லை. பெட்டியைக் கதவருகே வைத்துவிட்டுப் பார்த்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது."

தன் மனசு யாரோ ஒரு அந்நிய ஆணின் வாயிலிருந்து, இலக்கணச் சுத்தமாக வெளியே வருவதைப் பளிச்சக்கா கேட்டாள். தம்பி பெண்டாட்டி அழவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து, புரிந்தது என்பதுபோல் மெல்லத் தலையாட்டினாள்.

"ஏன் அப்படி நினைச்சீங்க?" என்றார் அதிகாரி.

இனி மறைக்க என்ன இருக்கிறது? முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? பளிச்சக்கா தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பாளர் இப்போது அதிகாரியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ விடிகாலைல வேலைக்குக் கிளம்புவா. இவன் தூக்கக் கலக்கத்தோட எந்திரிச்சுப் போயி அவளை பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து மறுபடி படுப்பான். நானும் எத்தனையோ வருஷமா விடிகாலைல வேலைக்குப் போறேன், என்னை ஒரு நாள் ஏத்திவிட்டதில்லை. செவுத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டும் குசுகுசுன்னு சிரிக்கும். எதுக்குச் சிரிக்குதுங்கன்னு எனக்குத் தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப இவன் சோறு திங்கல. நான் ஆக்கின சோறு. தொட்டியில முடி கெடக்குன்னு நான் கத்தினா, அவ சொல்ற பதிலுக்கு இவன் சிரிக்கிறான். என் வீட்டுல நான் ஒத்தையாயிட்டேங்க. அதான். அவமேல ஒரு தப்பும் இல்ல. அவங்க புருஷன் பொண்டாட்டியா இல்லாம இருந்தா நான் ஏன் அந்தப் பெட்டியைக் கட்டப் போறேன்?"

அதிகாரி நிறைய எழுதினார். வேறு கேள்வி கேட்கவில்லை.

வெளியே நடையில் வக்கீலம்மா பளிச்சக்காவின் கையைக் குலுக்கினாள். "பிரமாதம்! பொய்க் கல்யாணத்துல நாத்தனாருக்கு இவ்வளவு பொறாமை வராதுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கும். இதைவிட நல்ல சாட்சி கிடையாது." அவள் ஒருத்திதான் சிரித்தாள். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

அனுமதி கிடைத்தது. தம்பி கூடத்தில் நின்று அழுதான். தம்பி பெண்டாட்டி அவள் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, பளிச்சக்காவிடம் வந்து, "உங்களாலதான் கிடைச்சுது, அண்ணி" என்றாள். குத்தலா, நன்றியா என்று முகத்தில் தேடினாள் பளிச்சக்கா. இரண்டும் இல்லை. மரியாதை மட்டும் இருந்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் பொட்டு ஒட்டுவது நின்றுபோனது. டம்ளரை உடனே கழுவி வைத்தாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. பளிச்சக்கா ஒரு நாள் தானாகவே, "துப்பட்டாவை இங்கயே போட்டுக்கோயேன்மா, யாரு கேக்கப் போறா" என்றாள். "பரவால்ல அண்ணி" என்று அவள் அதை மடித்து உள்ளே எடுத்துப் போனாள்.

ரொட்டி ஆலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு கிடைத்திருப்பதாகத் தம்பி சொன்னான். "அவ வேலைக்கு நடந்தே போயிடலாம்க்கா" என்றான், அவள் கண்ணைப் பார்க்காமல். போகிற அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறியது. அந்தப் பெட்டியும் ஏறியது. தம்பி பெண்டாட்டி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரூமை நானே துடைச்சு வெச்சுட்டேன், அண்ணி. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வண்டி போன பிறகு பளிச்சக்கா அந்த அறைக்குள் போனாள். விரிப்பின் முனைகள் கத்தி வைத்தாற்போல் மடித்துச் செருகியிருந்தன. சுவரில் டேப்பின் பிசுக்குக்கூட இல்லை. கண்ணாடிக்குக் கிட்டே போய், ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தாள். ஜன்னல் திரையை உதறினாள். ஒரு ஊக்குகூட விழவில்லை. குளியலறைச் சல்லடையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மண்டிபோட்டு, போனில் டார்ச்சை அடித்துக் கட்டிலுக்கு அடியில் மூலை மூலையாகத் தேடினாள். ஒரு முடி, ஒரே ஒரு முடி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அவள் ஓட்டலில் சொல்லிக்கொடுப்பது போலவே துடைத்திருந்தது. அந்த அறையில் யாரும் படுத்ததே இல்லை என்று தோன்றியது.